பகலில் மலை, ராத்திரியில் போர்வை

எல்லவுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு ஆசைகள் வரும். பகலில் பார்க்கும் மலையில் எல்லாம் ஏற வேண்டும் என்பது ஒன்று. ராத்திரிக் குளிரில் பல் கிட்டும்போது, கையாலேயே ஒரு போர்வை தைத்துவிட்டால் என்ன என்பது மற்றது. இரண்டுக்கும் பெரிய படிப்பு வேண்டாம். கீழே உள்ளபடி செய்தால் போதும்.

முதற் பாகம்: மலை ஏறும் முறை

1. முதலில் சப்பாத்து. கொழும்பில் மலையேற்றத்துக்கென்றே விற்கும் ஒரு சோடி வாங்குங்கள். கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஒரு மாதச் சம்பளம் இருந்தால் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறும்போது, தேய்ந்த ரப்பர் செருப்போடு முதுகில் கொழுந்தைச் சுமந்துகொண்டு எதிரே ஓர் அக்கா இறங்கி வருவார். ஒதுங்கி வழி விடுங்கள். அவர் சிரித்தால் பதிலுக்குச் சிரியுங்கள். சப்பாத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. புதிதாக ஏறுகிறவர்களுக்குக் குட்டி சிவனொளிபாதமலை நல்லது. உயரம் 1,141 மீற்றர். எல்ல நகரமே 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பி வீரத்தைச் சொல்லும்போது முதல் எண்ணை மட்டும் சொல்லுங்கள். கழித்தல் கணக்கு வீட்டாருக்கு வேண்டாம்.

3. எல்ல பாறைக்குப் போகிறவர்கள் வழக்கமாகத் தண்டவாளத்தின் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடப்பார்கள். நமது கோச்சி எப்படியும் தாமதமாகத்தான் வரும் என்ற தைரியத்தில் நடக்காதீர்கள். தாமதமாகவாவது வந்துவிடும்.

4. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்காமல் எல்லவிலிருந்து யாரும் திரும்பியதில்லை. 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக எழுப்பியது. உயரம் 24 மீற்றர். பாலத்தின் மேல் கோச்சி வரும் நேரம் பார்த்துப் படம் எடுக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். எடுங்கள். பக்கத்துத் தேயிலை மலைக்குள் நுழைந்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டும் ஒரு படம் எடுக்க ஆசை வரும். அப்படியானால் வெறுங்கூடையை வாங்காதீர்கள். நிறைந்த கூடையாகப் பார்த்து வாங்கி, நிறுவை நடக்கும் இடம் வரைக்கும் சுமந்து கொடுத்துவிட்டு வாருங்கள். கொழுந்து வழியில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். உங்களுக்கல்ல, அந்த அக்காவுக்கு.

5. மழை பெய்து ஓய்ந்தால் அட்டை ஏறும். காலுறையின் மேல் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் கடித்தால் கோபப்பட வேண்டாம். உள்ளூர்க்காரருக்கு ஒன்று, வெளிநாட்டுக்காரருக்கு ஒன்று என்று இரண்டு கட்டணம் வைக்காத ஒரே ஜீவன் இந்தப் பக்கத்தில் அதுதான்.

6. ஒரு நாள் நடை போதாது என்கிறவர்களுக்குப் பீக்கோ பாதை இருக்கிறது. கண்டிப் பக்கம் தொடங்கி, ஊவா மலைகளைச் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். பெரும்பாலும் தோட்டங்களுக்குள் போட்ட பழைய பாதைகள்தான். அதைவிடப் பழைய நடை ஒன்றும் உண்டு. தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து இறங்கியவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தது அது. அதற்குப் பாதைக் குறியும் இல்லை, தங்கும் விடுதியும் இல்லை. வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கும் இல்லை. 2023இல், அவர்கள் வந்த இருநூறு வருஷ நினைவாக, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். இயற்கைக் காட்சிக்காக அவர்கள் நடக்கவில்லை.

இரண்டாம் பாகம்: போர்வை தைக்கும் முறை

1. துணி சேர்த்தல். புதுத் துணியை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பது நாகரிக முறை. தோட்டத்து லயத்து முறையில், துணி தானாகக் கிழியும் வரை காத்திருக்க வேண்டும். பத்து வருஷமும் ஆகலாம். பருத்திச் சேலைதான் நல்லது. நைலக்ஸ் சேலை ஊசிக்குப் பிடி கொடுக்காமல் வழுக்கும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் படங்கு கட்டி உரசிய பக்கம் இழை விட்டிருக்கும். அதை உள்மடிப்புக்குத் தள்ளுங்கள். கரை அடர்த்தியாக நெய்தது, கடைசியில்தான் கிழியும். அதை ஓரத்துக்கு வையுங்கள்.

2. இடம் பிடித்தல். இரண்டு பேர் படுக்கும் போர்வைக்கு ஏழு, எட்டு அடி விரிப்பு வேண்டும். லயக் காம்பராவோ பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஆகவே பிள்ளைகளை இஸ்தோப்புக்கு அனுப்புங்கள், தாத்தாவைக் கட்டிலோடு சுவர்ப் பக்கம் தள்ளுங்கள். சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, நாலு மூலைக்கும் பாரம் வையுங்கள். அம்மிக்குழவி ஒரு மூலைக்கு ஆகும். மிச்ச மூன்றுக்கும் வீட்டிலுள்ள தடித்த புத்தகங்கள் முதன்முறையாகப் பயன்படும்.

3. தையல். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவிச் சுருக்கம் எடுங்கள். முதலில் நீளநீளமாக நூலோட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து புடைத்து நிற்கும். பிறகு இரண்டு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல், வரிவரியாக. ஒரே இழுப்பில் நாலு தையல் ஏறினால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். விரலில் ரத்தம் வந்தால் பழகிக்கொண்டிருக்கிறது. சிங்கர் மெஷின் இருந்தால் ஓரத்தை மட்டும் அதில் அடியுங்கள். 1877இலிருந்து இலங்கையில் இருக்கும் கம்பெனி, பழைய மெஷின் ஏதாவது ஒரு சொந்தக்கார வீட்டில் தூசி படிந்து கிடக்கும். அத்தனை மடிப்பையும் அதற்குள் தள்ளினால் ஊசிதான் முறியும்.

4. துவைத்தல். தயவுசெய்து மார்கழியில் துவைக்காதீர்கள். நனைந்த போர்வையைப் பீலியிலிருந்து தூக்கி வர இரண்டு பேர் வேண்டும். பனி மூட்டத்தில் காயாது. அடுப்புக்கு மேலே கட்டிக் காயப்போட்டால் காயும். அடுத்த மழைக்காலம் வரை புகை வாசனையில் தூங்கலாம்.

5. பெருமைப்படுதல். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த பெண்கள், வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளை ஒட்டித் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் மாட்டியது. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் அவை வந்தன. எனவே பாட்டி தைத்த போர்வையை நாய்க்கு விரிக்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள்.

முடிவாக ஒன்று

பாதிப் பேர் இரண்டாம் பாகத்தின் மூன்றாவது கட்டத்தில் நிறுத்திவிடுவீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. யாராவது ஒரு பெண் தைத்த போர்வையை விலைக்கு வாங்கலாம் என்று இறங்குவீர்கள். அங்கே விலை கேட்டதும் நாக்கு நுனியில் பேரம் வந்து நிற்கும். அதற்கு முன் அதைத் தைக்க எத்தனை நாள் பிடித்தது என்று கேளுங்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு மலையகம் வருஷக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024இல் 1,350 ஆனது. நாளையும் சம்பளத்தையும் பெருக்கிப் பாருங்கள். கேட்ட விலை அதற்குக் கீழேதான் இருக்கும். பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.