கேஷ் கிளியர் பண்ணீங்களா?

சனிக்கிழமை காலை மச்சினன் போன். "மாமா, பெங்களூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்து வாசல்ல நிக்குது. நம்ம வெப்சைட்ல ரூம் 1,800ன்னு போட்டிருக்காம். போனைக் காட்டிச் சண்டை போடுறாங்க."

அந்த 1,800ஐ மூன்று மாதம் முன்பே 2,500 ஆக்கி, அப்டேட் பொத்தானை அழுத்தி, பச்சை டிக் வந்ததையும் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் அந்த வெப்சைட்டைக் கட்டிய பேஜ் பில்டரில் வரும் ஐந்து முக்கியச் சிக்கல்களுக்கு ஐந்து தீர்வுகளை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருடம் டிடிபி கடை வைத்திருந்தவன். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகைக்குத் தாய்மாமன் பெயரை எந்த மூலையில் வைத்தேனோ அந்த மூலையிலேயே அச்சாகி வந்தது. பேஜ் பில்டரில் இழுத்து விட்டால் போதும் என்றார்கள். விட்டேன். கம்ப்யூட்டரில் கடற்கரைப் படத்துக்குப் பக்கத்தில் நின்ற போன் நம்பர், செல்போனில் படத்துக்குள் இறங்கிக் குளிக்கிறது. தலைப்புப் பெட்டியின் உயரம் குறைந்து எழுத்துகளுக்கு உச்சந்தலை வெட்டு. புள்ளியும் மேல்விலங்கும் போய், 'விருந்தினர் இல்லம்' பார்ப்பவர் கண்ணுக்கு 'வருந்தினர் இல்லம்' ஆகிவிட்டது.

பில்டர் கம்பெனிக்கு உதவி கேட்டு எழுதினால் ஒரே பதில்: "கேஷ் கிளியர் பண்ணீங்களா?"

பண்ணினேன். கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அமுக்கி பிரவுசர் கேஷைத் தாண்டினேன். அடுத்து பிளகின் கேஷ். பக்கம் வேகமாகத் திறக்கட்டும் என்று நேற்றுச் செய்ததை எடுத்துவைத்து இன்றைக்குப் பரிமாறும். நம் வீட்டில் இதற்குப் பழையசோறு என்று பெயர். அதைக் கொட்டினால் சர்வர் கேஷ். அதற்கும் மேலே சிடிஎன், ஊர் ஊராக என் பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போதாதென்று பில்டர் தானே எழுதிவைத்த சிஎஸ்எஸ் கோப்பு. அதையும் அழித்தேன். பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். 'தீமை மாற்றிப் பாருங்கள்' என்றார்கள். தீமை மாறவேயில்லை.

"இன்னும் கேஷ் கிளியர் ஆகலடா" என்று மச்சினனிடம் சொன்னேன். "அன்னைக்கே ஜிபே பண்ணிட்டேனே மாமா!" என்றான்.

எங்கள் பாண்டிச்சேரியின் வாகும் அப்படி. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்குச் சரி சொன்னார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. அப்டேட் முடிந்தது, பச்சை டிக். 1956இல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. பாரீஸில் கேஷ் கிளியர் ஆகி, சட்டப்படி நாம் இந்தியாவானது 1962 ஆகஸ்ட் 16இல். 2006இல் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றினார்கள். பஸ் கண்டக்டர் வாயில் இன்றைக்கும் "பாண்டி, பாண்டி"தான். பலகையில் கூபேர் அவென்யூ. ஆட்டோக்காரரிடம் பீச் ரோடு என்று சொன்னால்தான் வண்டி நகரும். இந்த ஊரில் என் 2,500 மட்டும் மூன்றே மாதத்தில் தெரிந்துவிட வேண்டுமா?

ஆனாலும் வயிறு எரிகிறது. பத்திரிகையில் மாப்பிள்ளை இனிஷியல் தப்பினால் ராத்திரியோடு ராத்திரியாக என் காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். கடைக்காரன் தப்பு, கடைக்காரன் செலவு. இங்கே சாமான் செய்தவன் தப்பே செய்வதில்லை. வாங்கினவன்தான் எதையோ கிளியர் பண்ணவில்லை.

அந்த ஐந்து தீர்வுகளுக்கு இடமில்லாமல் போய்விட்டது. பாண்டிக்கு வருகிறவர்கள் தயவுசெய்து ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள். வாடகை 2,500. நம்பர் கடலுக்குள் இருக்கிறது; படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்.