வாடைக்கு முன் வளவைப் பார்ப்போம்

கேள்வி: வாடை பெயர்ந்தால் வட இந்தியாவின் புகை எங்கள் தலையில் இறங்குகிறது. டெல்லிக்காரர் கொளுத்த மானிப்பாய்க்காரர் இருமுவதா? நாங்கள் செய்ய இதில் என்ன இருக்கிறது?

பதில்: வருவது உண்மைதான். 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது இந்தியப் பக்கத்து மாசு இழுபட்டு வந்து யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மூடியது. 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். அந்தக் காற்றை மறிக்க எங்களால் முடியாது. ஆனால் அது நெடுந்தூரம் கலைந்து ஐதாகி வந்து சேர்கிறது. அடுப்புப் புகையோ ஒரு முழத்தில் இருந்து நேரே மூக்கில் ஏறுகிறது. காற்றில் எவ்வளவு புகை, அதில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், எவ்வளவு கிட்ட நிற்கிறோம் என்பவைதான் உடம்புக்குள் போகும் அளவைத் தீர்மானிக்கின்றன. இரண்டரை மைக்ரோமீற்றருக்குக் குறைந்த நுண்துகள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு அதைப் பிடித்து நிறுத்தாது. நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை போகும். மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் வெளிக்காற்று மாசால் 2019இல் உலகில் நேர்ந்த ஏறத்தாழ 42 இலட்சம் அகால மரணங்களில் 68 வீதம் மாரடைப்பும் பாரிசவாதமும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. இருமல் இல்லை, ஆகவே பயமில்லை என்பவர் இதயத்தை மறந்துவிட்டார். இலங்கைச் சட்டம் ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராம் நுண்துகள் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் அதை 15 என்று வைத்தது. சட்டத்துக்கு உட்பட்ட காற்றும் உடம்பைக் கெடுக்கலாம்.

கேள்வி: எங்கள் அப்பாச்சி தொண்ணூறு வயது வரைக்கும் விறகடுப்பில்தான் சமைத்தவ. அவவுக்கு ஒன்றும் வரவில்லையே?

பதில்: தொண்ணூறு வரை இருந்த அப்பாச்சியைத்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். ஐம்பதில் போனவ யாருடைய கேள்வியிலும் வருவதில்லை. சுருட்டுக் குடித்தும் தொண்ணூறு கண்டவர்கள் உண்டு. அதற்காகச் சுருட்டு நல்லதாகிவிடாது. பழைய அடுப்படி வீட்டுக்குப் புறம்பாக, ஓலைக்கூரையோடு இருந்தது; புகை கிடுகு இடுக்குகளால் வெளியேறியது. இன்றைய குசினிக்கு மேலே கொங்கிறீற், யன்னலுக்குக் கண்ணாடி. 2022இல் காஸுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காஸுக்கென்று கட்டிய இப்படியான குசினிகளிலும் விறகு மூட்டினார்கள். பழக்கம் சில வீடுகளில் நின்றும்விட்டது. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள், அவர்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். அடுப்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர் தாய், அவர் இடுப்பில் பிள்ளை. காஸ் வாங்க முடியாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விறகை மழையில் நனையாமல் அடுக்கி நன்றாகக் காயவைத்து எரிக்கலாம், புகைபோக்கி கட்டலாம், முடிந்தால் அடுப்பை வெளிக்கொட்டிலுக்கு மாற்றலாம். சமையல் முடியும்வரை கைக்குழந்தையை அடுத்த அறையில் யாராவது வைத்திருந்தாலே பெரிய உதவி. அந்த யாராவது வீட்டு ஆம்பிளையாகவும் இருக்கலாம்.

கேள்வி: பின்னேரம் கஞ்சலைக் கொளுத்தினால் வளவும் துப்புரவு, நுளம்பும் ஓடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் இல்லையா?

பதில்: மூன்று மாங்காய். மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொய்வு. பொழுதுபட நிலம் குளிர்ந்து காற்று அடங்கும்போது புகை மேலே எழும்பாது. வேலி உயரத்திலேயே படுத்துக் கிடந்து வீடுகளுக்குள் போகும். கொளுத்துவதற்கு அதைவிடக் கெட்ட நேரம் இல்லை. ஷொப்பிங் பையும் சேர்ந்து எரிந்தால் நஞ்சு கூடுகிறது. திறந்த வெளியில் பிளாஸ்டிக் கொளுத்துவதை 2017இலேயே அரசு தடை செய்துவிட்டது. குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை என்று சொல்வீர்கள். நியாயமான குறைதான். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை மானிப்பாயில்தானே இருக்கிறது; நாலு அயலவர் சேர்ந்து போய்க் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் இலைக்கு வண்டியே தேவையில்லை. தோட்டத்துக்குக் குழை தாட்டு மண்ணை வளர்த்த ஊர், மா இலையையும் பலா இலையையும் கொளுத்திவிட்டுக் கடையில் பசளை வாங்குவது எனக்குப் புரியவில்லை. நுளம்புக்கு வலை இருக்கிறது, தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்து ஊற்ற கை இருக்கிறது. திரியை நம்ப வேண்டாம்: ஒரு நுளம்புத்திரி எரிந்து முடிய வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவு என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையின் தலைமாட்டில் வைக்கிறோம்.

கேள்வி: லேஞ்சியால் மூக்கைப் பொத்தினால் போதாதா?

பதில்: போதாது. நுண்துகளுக்கு லேஞ்சி திறந்த வாசல். என்95 முகக்கவசம் உதவும், அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால் மட்டும். ஓரத்தால் மூச்சு கசிந்தால் அணிந்து பயனில்லை. மாசு கூடிய நாட்களில் யன்னலைச் சாத்துங்கள், ஓட்டத்தையும் விளையாட்டையும் தள்ளிப்போடுங்கள். தொய்வுக்காரர் மருந்தை நிறுத்தக்கூடாது. இதய வருத்தக்காரர் நெஞ்சு இறுகினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆனால் முகக்கவசம் அந்தச் சில நாட்களுக்குத்தான். அடுப்படியில் அதைக் கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்கச் சமைக்க யாராலும் முடியாது. இந்தக் கிழமை கொளுத்தக் கூட்டி வைத்திருக்கும் கஞ்சலை வாழையடியில் போடுங்கள். பக்கத்து வளவுக்காரரிடமும் ஒரு சொல் சொல்லுங்கள்.