லடாக் போகும் வண்டி

சாகச பைக் வாங்குவதா, வேண்டாமா? மூன்று மாதமாக யோசிக்கிறேன். மனதில் இருப்பது ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450. எடை 196 கிலோ, இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர், டேங்க் 17 லிட்டர். என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். சிக்னலில் நின்றால் கட்டைவிரல் மட்டும் தார்ச்சாலையைத் தொடும். மிச்சத்தைக் குலதெய்வம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

"எங்க போகப் போறீங்க?" என்றாள் மனைவி.

"லடாக். கார்துங் லா."

"போன வாரம் திண்டிவனம் காதுகுத்துக்கு பஸ்ல போயிட்டு வந்து ரெண்டு நாள் இடுப்பு வலின்னு படுத்தீங்களே?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் சாகசம் செய்ய முடியாது.

கார்துங் லா உச்சியில் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். அளந்தவர்கள் சொல்லும் கணக்கு சுமார் 17,582 அடி. கணவாயே எண்ணூறு அடி கூட்டிச் சொல்லும்போது, "அடுத்த வருஷம் கிளம்புறேன்" என்று நான் சொல்வது பெரிய பொய்யா?

சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் ஏறி இறங்குமாம். அதற்கு இமயமலை எதற்கு? மெட்ரோவுக்குத் தோண்டிய எங்கள் தெருவே போதும். நீரோடையைக் கடக்க ஆசையென்றால் டிசம்பரில் வேளச்சேரி இருக்கிறது.

ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். பழைய ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் 25 கிலோ அரிசிச் சிப்பம் கச்சிதமாக உட்காரும். ஹிமாலயனில் உட்காராது.