பணிப்பெண் தூக்கி ஊற்றிய கடல்

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்கலாமா என்று விசாரிக்கப் போனால், கடைக்காரர் முதலில் சொல்வது இதுதான்: “மெயின்டெனன்ஸே இல்ல சார்.” கல்யாணத் தரகர் “பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது” என்பாரே, அதே குரல், அதே முகபாவம். இரண்டையும் நம்பியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

கடைக்காரர் மேல் தப்பில்லை. கடலை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் ஆசைக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். அந்த இரண்டாயிரம் வருடமும் மனிதன் தேடியது ஒன்றே ஒன்றுதான்: தொட்டி என்னுடையது, வேலை வேறு யாருடையதாவது. அந்த ‘வேறு யாரோ’ யார் என்பதுதான் கடல் தொட்டியின் சரித்திரம்.

மலையைக் குடைந்த மீன் பிரியர்

ஆரம்பித்து வைத்தவர்கள் ரோமானியக் கோடீஸ்வரர்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் பக்கம் கடலோரத்தில் ஒரு பங்களா, அதற்குள் ஒரு உப்புநீர்க் குளம் இல்லாதவனைப் பணக்காரன் என்றே யாரும் மதிக்கவில்லை. லுக்குலஸ் என்ற ஓய்வுபெற்ற தளபதிக்குக் குளத்துத் தண்ணீர் மாற்றுவது தலைவலியாக இருந்தது. நீங்களும் நானும் என்றால் ஒரு பக்கெட் வாங்குவோம். அவர் ஒரு மலையைக் குடைந்தார். கடலே வந்து தண்ணீரை மாற்றிவிட்டுப் போகட்டும் என்று.

பங்களா கட்டிய செலவைவிட மலையைக் குடைந்த செலவு அதிகம் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. பாரசீக மன்னன் செர்க்சஸ் போர்க் கப்பல் போக நிலத்தை வெட்டிக் கால்வாய் எடுத்தவன். இவர் மீன் குளத்துக்காக வெட்டினார் என்பதால் ‘டோகா என்னும் ரோமானிய மேலாடை கட்டிய செர்க்சஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் செத்த பிறகு அந்தக் குளத்து மீன்கள் 40 லட்சம் செஸ்டர்ஸ் நாணயத்துக்கு விலைபோயின என்றும் பிளினி எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு நிலம் எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். மீன் எழுதி வைத்தவர் இவர்தான்.

ரோமானியர்களின் செல்லப் பிராணி, நம் மீனவர்கள் அஞ்சாலை என்று சொல்லும் கடல் விலாங்கு. பார்த்தால் யாருக்கும் கொஞ்சத் தோன்றாத முகம். ஆனாலும் அந்தோனியா என்ற சீமாட்டி தன் அஞ்சாலைக்குத் தோடு மாட்டி அழகு பார்த்தார். அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கிராசஸ் என்ற பேச்சாளர் தன் அஞ்சாலை செத்தபோது அழுதார். அவருடன் கி.மு. 92-ல் சென்சார் என்னும் ஒழுக்கக் கண்காணிப்புப் பதவியில் இருந்த டொமிட்டியஸ், “ஒரு மீனுக்காகவா ஐயா அழுதீர்?” என்று சபையில் சீண்டினார். “நீர் மூன்று மனைவிகளைப் புதைத்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே” என்று திருப்பிக் கொடுத்தார் கிராசஸ். சபை அதோடு கலைந்திருக்க வேண்டும்.

வேலை யார் செய்தது? அடிமைகள். வேடியஸ் போலியோ என்ற மகானுபாவர் அவர்களை வேலை வாங்கியதோடு நிற்கவில்லை. தப்பு செய்தவர்களை அஞ்சாலைக்கே தீவனமாகப் போட்டார். ஒருநாள் விருந்தில் ஒரு அடிமை படிகக் கோப்பையை உடைத்துவிட்டான். அவனைக் குளத்தில் தள்ள உத்தரவு. அன்றைய விருந்தாளி அகஸ்டஸ் சக்கரவர்த்தி. அவர் அந்த அடிமையை விடுவித்து, வீட்டில் மிச்சமிருந்த படிகப் பாத்திரங்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லி மொத்தமாக உடைத்து, குளத்தையும் தூர்க்க வைத்தார். பராமரிப்பே தேவைப்படாத கடல் தொட்டியை உலகத்தில் முதன்முதலாக அமைத்த பெருமை அகஸ்டஸையே சேரும்.

கண்ணாடி வந்த கதை

ரோமானியர்கள் மீனை மேலேயிருந்து எட்டித்தான் பார்த்தார்கள். பக்கவாட்டில் பார்க்கக் கண்ணாடி வேண்டும். அதைச் செய்தவர் ஒரு தையல்காரப் பெண். ழான் வில்புரோ பவர், பிரான்ஸின் கிராமம் ஒன்றிலிருந்து பாரிஸுக்கு நடந்தே வந்து, இளவரசி ஒருவரின் கல்யாண உடையைத் தைத்துப் பேர் வாங்கியவர். பிறகு ஆங்கிலேய வியாபாரி ஒருவரை மணந்து சிசிலித் தீவின் மெசினாவில் குடியேறினார்.

அங்கே அவரைப் பிடித்தது ஆர்கோநாட் என்னும் பேய்க்கணவாய். அது முதுகில் சுமக்கும் மெல்லிய வெள்ளை ஓடு சொந்த வீடா, துறவி நண்டு போல யாரிடமோ பிடுங்கிக்கொண்ட வீடா என்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் நெடுங்காலமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் வாதம் முடிந்துபோகுமே! அம்மையார் 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்து, கணவாயை உள்ளே விட்டு, உட்கார்ந்து பார்த்தார். சொந்த வீடுதான், அதுவே கட்டுகிறது என்று நிரூபித்தார். வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்க ஒரு பெண் வந்துதான் ஆகவேண்டியிருந்தது.

முக்கால் மணி நேரக் கடல்

பவளத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த புண்ணியவதி ஆனா தைன். கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பெரிய பாதிரியார். 1846-ல் அம்மணி டார்க்கி கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனார். அங்கே சின்னக் கோப்பை மாதிரி பவளங்களைப் பார்த்ததும் மனம் பறிகொடுத்தார். கல் ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஊரில் மாங்காயைப் பார்த்தால் மூட்டை கட்டாமல் ரயிலேறாத நம் சித்திகளின் இனம். அதோடு விட்டாரா? பவளங்கள் அசையாமலிருக்க ஊசி நூல் எடுத்து அவற்றைக் கடற்பஞ்சில் வைத்துத் தைத்தார்.

லண்டனில் கடல் கிடையாது. கொண்டுவந்த தண்ணீர் தீரத் தீர என்ன செய்வது? தண்ணீர் கெடாமலிருக்கக் காற்று கலக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பம்பு கிடையாது, பணிப்பெண் இருந்தாள். திறந்த ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடலைத் தூக்கி ஊற்றுவது அவள் வேலை. தினமும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். நம்மூர் டீக்கடையில் மாஸ்டர் டீயை ஆற்றுவாரே, அதே தொழில்நுட்பம். பிறகு 1847-ல் அம்மணி கடற்பாசிகளையும் ஜாடியில் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜன் விட, பவளங்கள் ஏறத்தாழ மூன்று வருடம் பிழைத்தன.

விலங்கும் பாசியும் ஒன்றையொன்று காப்பாற்றும் கடல் தொட்டியை முதலில் வைத்தவர் என்று ஆனா தைன் பெயரைப் புத்தகங்கள் போடுகின்றன. ஊற்றிய கைக்குச் சொந்தக்காரி பெயரை ஒரு புத்தகமும் போடவில்லை. உலகின் முதல் ஏர் பம்பு அவள்தான். பெயர் இல்லாவிட்டாலும் மின்வெட்டு இல்லை.

ஊரைக் கெடுத்த உத்தமர்

அதற்குள் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் நன்னீர்த் தொட்டியில் தங்கமீனையும் நீர்ச்செடியையும் விட்டு, அழுகும் இலையைத் தின்ன நத்தைகளையும் சேர்த்து, 1850-ல் கட்டுரை எழுதினார். சம்பளமில்லாத துப்புரவுப் பணியாளராக நத்தை வேலைக்குச் சேர்ந்தது அப்போதுதான். இன்றுவரை ஓய்வு கொடுக்கப்படவில்லை.

இதையெல்லாம் சேர்த்து ஊருக்கே பரப்பியவர் பிலிப் ஹென்றி காஸ். பரம பக்திமான், பரம இயற்கைப் பித்தர். மகன் பிறந்த நாளில் தன் நாட்குறிப்பில், மனைவிக்கு ஆண் குழந்தை என்று ஒரு வரி எழுதிவிட்டு, கையோடு ஜமைக்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்தது என்றும் குறித்து வைத்தவர். எந்த வரவில் அவருக்கு மகிழ்ச்சி அதிகம் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

1853-ல் லண்டன் விலங்குக் காட்சி சாலையில் மீன் மாளிகை திறந்தது. அதற்கு உயிரினங்கள் சேர்த்துக் கொடுத்தவர்களில் காஸும் ஒருவர். 1854-ல் ‘அக்வேரியம்’ என்ற புத்தகம் போட்டார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, இன்னும் இரண்டு உப்புகள் கலந்து வீட்டிலேயே கடல்நீர் காய்ச்சும் பக்குவமும் சொன்னார். கண்ணாடி மீதான வரியை 1845-லேயே எடுத்துவிட்டார்கள். ரயிலும் ஓடத் தொடங்கியிருந்தது. கேட்க வேண்டுமா? லண்டன் குடும்பங்கள் கையில் உளியும் ஜாடியுமாகக் கடற்கரையில் இறங்கின. பாறைக் குழி ஒன்றை விடாமல் சுரண்டி, கடல் சாமந்திகளை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த வாரம் நாற்றம் தாங்காமல் சாக்கடையில் கொட்டின. மறுபடி ரயிலேறின.

காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய நினைவுக் குறிப்பில், அந்தக் கரையோர அழகெல்லாம் அழிந்துபோனதற்குத் தன் அப்பாவின் புத்தகங்களும் ஒரு காரணம் என்று வருந்தியிருக்கிறார். தகைவிலான் குருவிக்கு முந்தின வரியில் இடம் கிடைத்த பிள்ளை, கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

எலும்புக்கூட்டுச் சலவை

இருபதாம் நூற்றாண்டில் மின்சாரம் வந்தது, பம்பு வந்தது, பொட்டலத்தில் கடல் உப்பு வந்தது. வீட்டுக்காரருக்குத்தான் ஓய்வு வரவில்லை. கிருமி இல்லாத தொட்டியே நல்ல தொட்டி என்று எல்லோரும் நம்பினார்கள். உயிருள்ள பவளத்தை வைக்கத் தெரியாததால் செத்த பவள எலும்பை அலங்காரத்துக்கு வைத்தார்கள். அதில் பச்சைப் பாசி படியும். எடுத்துப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, அலசி, காயவைத்து மறுபடி உள்ளே வைப்பார்கள். மாதாமாதம் எலும்புக்கூட்டுக்குச் சலவை. மீனுக்கு நோய் வந்தால் தாமிர மருந்து. அது நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். தொட்டியில் வேலை செய்யத் தெரிந்தவர்களை எல்லாம் முறையாகக் கொன்று முடித்துவிட்டு, வேலை அதிகமாகிவிட்டதே என்று புலம்பினார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்ற மீன் வளர்ப்பாளர் நிதானமாக ஒரு காரியம் செய்தார். கடலிலிருந்து உயிர் ஒட்டிய கற்களை எடுத்துத் தொட்டியில் வைத்தார். கடல்நீர் ஊற்றினார். குமிழி விட ஒரு காற்றுக் குழாய் போட்டார். வெளிச்சம் படவிட்டார். அவ்வளவுதான். பவளம் வாழ்ந்தது. 1961-ல் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் எழுதியும் காட்டினார்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது? ஒண்டுக்குடித்தனம். துளைத்துளையான அந்தக் கல்லின் முன்வாசலில் காற்றோட்டம் உண்டு. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு கோஷ்டி மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும்; அடுத்த போர்ஷன்காரர்கள் அதை நைட்ரேட் ஆக்குவார்கள். காற்று நுழையாத உள்ளறையில் இருப்பவர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுவார்கள். லுக்குலஸ் குடைந்த மலைக்கும் பணிப்பெண்ணின் முக்கால் மணி நேரத்துக்கும் கடைசியில் வாரிசாக வந்தது கண்ணுக்கே தெரியாத இந்தக் கூட்டம்.

மனிதன் சும்மா இருப்பானா? ஜெர்மானியர்கள் அந்தக் கல்லையே எடுத்துக்கொண்டு, அதோடு அழுக்கை நுரையாகக் கடைந்தெடுக்கும் ஸ்கிம்மரையும் கண்ணைப் பறிக்கும் விளக்கையும் சேர்த்து ‘பெர்லின் முறை’ என்று பெயரிட்டார்கள். விளக்குச் சூட்டில் தண்ணீர் கொதிக்க, குளிர்விக்க இன்னொரு இயந்திரம். இவற்றையெல்லாம் கவனிக்க ஒரு கணினி. அது நள்ளிரவில் செல்போனில் கூவி வீட்டுக்காரரை எழுப்பும். அடிமை முறை ஒழியவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார்.

உப்புக்குச் சப்பாணி

நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒருவர் இந்தக் கல் முறையில் சின்னத் தொட்டி வைத்திருந்தார். நான்கு நாள் ஊருக்குப் போகும்போது, தண்ணீர் குறைந்தால் கொஞ்சம் ஊற்றும்படி வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் கடமை தவறாதவர். கடல் மீனாயிற்றே என்று ஒவ்வொரு செம்புக்கும் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு ஊற்றிவிட்டார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், ஆகவே நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது தொட்டியில் கடல் இல்லை, ஊறுகாய் இருந்தது.

வேலை குறைவாக வேண்டுமென்றால் வழி ஒன்றும் ரகசியமில்லை. முடிந்த அளவு பெரிய தொட்டி. தண்ணீர் கூடக் கூடத் தப்புக்கு இடம் கிடைக்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாக்டீரியா குடியேறும்வரை பல வாரம் மீன் விடாத பொறுமை. நத்தைக்கும் துறவி நண்டுக்கும் வேலை, மீன்கள் குறைவு, தீவனம் அதைவிடக் குறைவு. முக்கியமாக, கையைத் தொட்டிக்குள் விடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காஸின் வாசகர்கள் செய்ததை இங்கே செய்தால் வருத்தத்தோடு முடியாது, வழக்கில் முடியும். 2001 முதல் பாறைப் பவளங்கள் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. புலிக்குட்டியை ஹாலில் கட்டிப்போடத் துணிந்தவர்கள் மட்டும் கடலில் இறங்கிக் கல் பெயர்க்கலாம்.

மற்றவர்களுக்கு மன்னார் வளைகுடா இருக்கிறது. மலை குடைய வேண்டாம், ஜன்னல் திறக்க வேண்டாம், அலையே நீரை மாற்றுகிறது. ஆனால் அங்கேயும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில், 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 1986-ல் அதைத் தேசியப் பூங்காவாக்கிக் காவலுக்கு ஆள் போட வேண்டியிருந்தது. பராமரிப்பே வேண்டாத கடல் என்பது, கடலுக்கே வாய்க்கவில்லை.