அம்மனைச் சிறைமீட்பவர்

புதுக்கோட்டையில் பழைய காசு சேர்ப்பவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சமஸ்தானம் விட்டுப்போன வியாதி அது. பெரும்பாலும் சாதுவானவர்கள். ஆல்பம் ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, வந்தவர்களை எழுந்திருக்க விடாத பேச்சு, அவ்வளவுதான். இவர்களுக்குள் ஒரு தனி இனம் உண்டு. காசைக் கடல் தாண்டி அனுப்பி மார்க் போட்டு வாங்கும். வந்த மார்க் போதாது என்று காசு இருக்கிற பெட்டியை உடைக்கும்.

எங்கள் தெருவில் இருப்பவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘அறுபத்திமூணு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் அதை வயசு என்று நினைத்து, “பாத்தா அப்படித் தெரியலையே சார்” என்பார்கள். வயசு 58. 63 என்பது அவருடைய அம்மன் காசு வாங்கிய மார்க்.

அம்மன் காசு தெரியுமல்லவா? தொண்டைமான் மன்னர்கள் அடித்த செப்புக்காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுத்து வந்தார்கள். ஓர் அணாவுக்கு 20 காசு, ஆகவே ரூபாய்க்கு 320. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது அம்மன் காசின் உத்தியோகமும் முடிந்தது. அப்படி ரிட்டயரான ஒரு காசைத்தான் நம்மவர் ஒரு டீலர் மூலம் அமெரிக்காவுக்குப் பரீட்சை எழுத அனுப்பினார். காசின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. அவர் மனைவிக்கு, அதாவது எங்கள் அண்ணிக்கு, இன்றுவரை சரியான கணக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அங்கே இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. பிசிஜிஎஸ் 1986இல் ஆரம்பித்தது, என்ஜிசி அதற்கு அடுத்த வருஷம். காசை ஆராய்ந்து 1 முதல் 70 வரை மார்க் போட்டு, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டி அனுப்புவார்கள். நூறு இருக்க எழுபதோடு ஏன் நிறுத்தினார்கள் என்றால், அது ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய அமெரிக்கச் செப்புக்காசுகளுக்காகப் போட்ட கணக்கு: தேய்ந்து போன காசு 1 என்றால், அப்பழுக்கில்லாதது அதைப் போல 70 மடங்கு விலை பெறும். அந்த ஷெல்டன் ஓர் உளவியல்காரர். மனித உடம்புகளையும் விடவில்லை, குண்டு, கட்டு, ஒல்லி என்கிற மாதிரி மூன்று வகையாகப் பிரித்தவர். நம்மவரைப் பார்த்திருந்தால் நாலாவதாக ஒன்று சேர்த்திருப்பார்.

பெட்டி வந்த அன்று தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். மறுவாரம் முகம் சுண்டிவிட்டது.

“தம்பி, இது 64 வாங்க வேண்டிய காசு. போட்டவன் அவசரத்துல போட்டிருக்கான்.”

“63க்கும் 64க்கும் என்னண்ணே வித்தியாசம்?”

பூதக்கண்ணாடியைக் கையில் திணித்தார். “நல்லாப் பாருங்க. என்ன தெரியுது?”

“அம்மன் தெரியுறாங்கண்ணே.”

“அதத் தவிர?”

அதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. சொந்த மகன் ப்ளஸ் டூவில் கணக்கில் நாலு மார்க் குறைந்தபோது, மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட மாட்டேன் என்றவர் இவர். “வந்தது போதும்டா, பேராசைப்படாத” என்று அவனுக்கு உபதேசம் வேறு.

பெட்டியோடு அப்படியே திருப்பி அனுப்பலாமே என்று கேட்கக்கூடாது. பழைய மார்க் கண்ணில் பட்டால் புதிதாகப் போடுகிறவன் அதிலேயே நின்றுவிடுவான் என்பது இந்த இனத்தின் வேதவாக்கு. அதனால் உடைக்க வேண்டும். ஆனால் காசு ஆசையால் உடைக்கிறேன் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொட்டுப் பார்க்கத்தானே காசு என்பார்கள். ஆல்பத்தில் ஒரு குழி காலியாக இருக்கிறது என்பார்கள். நம்மவர் ஒரு படி மேலே போய், “உள்ளயே அடைச்சு வச்சா அம்மனுக்கு மூச்சு முட்டாதா தம்பி?” என்றார்.

உடைத்தால், பெட்டிக்குள் இருக்கும் பழைய மார்க் சீட்டைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவது முறை. அனுப்பினால்தான் எத்தனை காசுக்கு மார்க் போட்டோம் என்கிற கணக்கில் அதைக் கழிப்பார்கள். இவர்கள் அனுப்புவதில்லை. ஒரே காசு மூன்று தரம் போய்வந்தால் உலகத்தில் மூன்று காசு இருப்பதாகப் பதிவாகிவிடும். அவதாரம் எடுப்பது அம்மனுக்குப் புதிதில்லைதான்.

நான் ஒரு தடை சொல்லிப் பார்த்தேன். 1898இல் ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது செலாவணி இல்லை, வெறும் தங்கம் என்று காட்ட வெட்டியிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். “காசைக் கருவியால தொட்டா இதுதான் கதி அண்ணே” என்றேன். அவர் சற்று நேரம் யோசித்தார். “501 காசுக்கு எவ்வளவு ஃபீஸ் ஆகும் தம்பி?” என்றார்.

ஒரு வியாழன் ராத்திரி நாள் குறித்தார். இடம், வீட்டு முற்றம். பெட்டியைத் துண்டில் சுற்றி, மூலையைக் கட்டிங் பிளேயரால் நெரிக்க வேண்டும். ஒட்டு விட்டதும் ஓரத்தை மெல்லப் பிளக்க வேண்டும். சில்லு கண்ணில் தெறிக்கும் என்பதற்காகத் தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். கீழ ராஜவீதியில் போலீஸ் மறித்தபோதுகூட அதை மாட்டாத மனுஷன். முதல் நெரிப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதில் துண்டை எடுத்துவிட்டு முழுப் பலத்தோடு அமுக்கினார். ‘டிங்’ என்று ஒரே ஒரு சத்தம். கையில் பெட்டி இரண்டாக இருந்தது. அம்மன் இல்லை.

பதினொரு மணி வரை டார்ச் அடித்துத் தேடினோம். கோலமாவு டப்பா, துளசி மாடம், என் சட்டைப்பை, எல்லாம் பார்த்தாயிற்று. பிறகு அண்ணி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வெல்லத்தைப் பிடித்து வைத்து அரைக்காசு அம்மனிடம் வேண்டிக்கொண்டார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற அரைக்காசு அம்மன் வேறு யாருமில்லை, அதே பிரகதாம்பாள்தான். தன்னையே தேடித்தரச் சொல்லி அவளிடம் ஒரு மனு!

வேண்டுதல் வீண்போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை, முற்றத்தில் தேய்க்கப் போட்டிருந்த செம்புக்குள் காசு அகப்பட்டது. ஆனால் அதற்குள் அண்ணி குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்திருந்தார். காசு கண்ணில் பட்டதும் அதற்கும் தனியாக ஒரு தேய்ப்பு. நூறு வருஷமாகப் படிந்த பழுப்பு புளியோடு போய்விட்டது. அம்மன் நேற்றுத்தான் அடித்தது போல மின்னினாள். அன்று எல்லோருக்கும் வேண்டுதல் வெல்லத்தில் பானகம் கிடைத்தது. நம்மவர் மட்டும் குடிக்கவில்லை.

ஆனாலும் அனுப்பினார். நாலு மாசம் கழித்துப் புதுப்பெட்டி வந்தது. இந்த முறை மார்க்கே இல்லை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். காசு உலகில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மகன் படித்துச் சொன்னதும் அண்ணி மலர்ந்துவிட்டார். “அமெரிக்காக்காரனே எழுதிட்டான் பாருங்க, சுத்தமா இருக்குன்னு!”

பெட்டி இப்போது பூஜை அறையில் இருக்கிறது. தினமும் பூ வைக்கிறார்கள். தெருவில் அவரை இன்னும் ‘அறுபத்திமூணு’ என்றுதான் கூப்பிடுகிறோம். சென்ற வாரத்திலிருந்து அவருடைய கட்டிங் பிளேயரைக் காணோம். வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டிருக்கிறாராம். அது எங்கே இருக்கிறது என்று எனக்கும் அண்ணிக்கும் தெரியும். நீங்கள் அந்தப் பக்கம் போனால் தயவுசெய்து உங்களுடையதைக் கடன் கொடுத்துவிடாதீர்கள்.