பிக்கப் வண்டியின் மஞ்சள் விளக்கும் அதன் உரை மரபும்: மதுரைப் பசுமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வெல்லையை முதலில் வகுத்துவிடுவோம். வடக்கே பழங்காநத்தம், தெற்கே கப்பலூர் சுங்கச்சாவடி. இவற்றுக்கு இடையே ஓடுகிற, ஓட மறுக்கிற பிக்கப் வண்டிகள் யாவும் தரவுகள். மாட்டுத்தாவணியிலிருந்து தக்காளி ஏற்றி வருவனவும் அடங்கும். வண்டி உடையோர் சொன்னவை சான்றாகக் கொள்ளப்பட்டன. 'என் மச்சான் வண்டியிலயும் இதே கதைதான்' என்றோர் சொன்னவை முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பட்டன.

டேஷ்போர்டு விளக்குகள் நிறத்தால் பாகுபடும். நீலம்: ஹை பீம். ஆய்வுக்கு உரியதன்று.

சிவப்பு: எண்ணெய்க் குடம் எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் பேரிங் தேயும், கிராங்க் பிடித்துக்கொள்ளும், எஞ்சினையே இறக்க நேரும். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பொருள் விளங்கிவிட்ட பாட்டுக்கு உரை எழுதிப் பட்டம் வாங்கியவர் யார்?

பட்டமெல்லாம் மஞ்சளில்தான் இருக்கிறது. எஞ்சின் வடிவில் ஒளிரும் அச்சிறு ஓவியத்தைத் தண்ணீர்க் குழாய் என்பர் ஒரு சாரார் (டீக்கடை வாய்மொழி, காலைப் பதிப்பு). ஆமை என்பர் மறு சாரார் (மேற்படி, மாலைப் பதிப்பு, திருத்தப்பட்டது). ஹெலிகாப்டர் என்று ஒரு கிளீனர் பையன் சொன்னது, அவனுக்கு வழிகாட்டிப் பேராசிரியர் இல்லாமையால் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டது. அடிக்குறிப்பு இடமின்மையால் நீக்கப்பட்டது.

இவ்விளக்குக்கு உரை கண்டோர் மூன்று பள்ளியினர். 'சென்சார் போயிருச்சுண்ணே' என்பது சென்சார்ப் பள்ளி. 'எர்த் சரியில்ல' என்பது எர்த்துப் பள்ளி. 'ஒண்ணும் இல்லண்ணே, ஓட்டுங்க' என்பது மூன்றாவது. மூன்றிலும் பழமையானது, எஞ்சின் இறங்கும் நாள்வரை மலிவானது.

இத்தனைக்கும் மூலபாடம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசிச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பழுதுக் குறியீடு, அதாவது கோடு, வரும். என் தரவு வண்டி தந்தது பி0087. ரெயில் குழாயில் டீசல் அழுத்தம் போதவில்லை என்று பொருள். எதனால் என்று அது சொல்வதில்லை. அடைத்த பில்டராக இருக்கலாம், டீசலில் தண்ணீராக இருக்கலாம், காற்றிழுக்கும் ஹோஸ், தேய்ந்த பம்பு, ஒழுகும் இன்ஜெக்டர், பொய் சொல்லும் சென்சார், எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் பில்டர் மலிவு. பம்பும் இன்ஜெக்டரும் மாற்றினால் நகை அடகுக்குப் போகும். உரைகாரர்கள் பம்பிலிருந்துதான் தொடங்குவார்கள். நூலைப் பிரிக்கும் முன்பே நூலாசிரியர் காலத்தை மறுக்கும் ஆய்வாளரைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபின் இத்துறை வளம் பெற்றது. பல டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று குடியேறியது. சேரும் கரியை அது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துக்கொள்ளும். கடைக்குக் கடை நின்று மூட்டை இறக்கும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவதே இல்லை. நாற்கரச் சாலையில் கால்மணி நேரமாவது ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஆக, கரியை எரிக்கவும் கப்பலூரில் சுங்கம் கட்டுவது பசுமலை வண்டிக்கு வாய்த்த சிறப்பு. எரியும்போதே பாதியில் எஞ்சினை அணைத்து அணைத்து வந்தால் எரியாத டீசல் ஆயிலில் இறங்கி, ஆயில் மட்டம் ஏறும். 'ஆயில் குறையவே மாட்டேங்குது' என்று பூரித்த உரிமையாளர் ஒருவரை அறிவேன். அவர் இப்போது பஸ்ஸில் வருகிறார்.

இனி இவ்வாய்வின் உயிர்நிலை: எலுமிச்சைக் கொள்கை. மஞ்சள் விளக்கு எரிகிறது. பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டப்படுகின்றன. மூன்றாம் நாள் விளக்கு அணைகிறது. கம்ப்யூட்டர்க் கட்சியார் இதை மறுப்பர். பழுது மீண்டும் தென்படாமல் தொடர்ந்து மூன்று ஓட்டச் சுழற்சி கழிந்தால் விளக்கு தானே அணையும் என்பதே விதி என்பர். எலுமிச்சைக் கட்சியார், அந்த மூன்று ஓட்டத்திலும் பழுது தென்படாமல் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்பர் (டீக்கடை வாய்மொழி, இடப்புறப் பெஞ்சு, மழை நாள், கடன் நோட்டின் பின்னட்டையில் எழுதப்பட்டது, வடை எண்ணெய் படிந்து இரண்டு வரி சிதைவு, கடைக்காரர் படி எடுக்க மறுத்தார், பாக்கி காரணமாக). விடை கிடைக்கவில்லை.

ஆயினும் விளக்கு அணைந்த பிறகும் கம்ப்யூட்டர் பழுதை மறப்பதில்லை. எஞ்சின் 40 முறை சூடேறி ஆறிய பின்னரே அந்தக் கோடு நினைவிலிருந்து தானாக நீங்கும். ஒரு மண்டலம் என்பதோ 48 நாள். எஞ்சிய எட்டு எங்கே? பசுமலையில் வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் புத்துரை கண்ட தொல்காப்பிய இயல்களுள் மெய்ப்பாட்டியலும் ஒன்று. மெய்ப்பாடு எட்டு! விளக்கு முதலில் எரிகையில் நகை. தள்ளிவிடப் பிறரைக் கூப்பிடுகையில் இளிவரல். மேம்பால ஏற்றத்தில் அச்சம். தானே அணைந்தால் மருட்கை. ஊருக்கு அதைச் சொல்கையில் பெருமிதம். மறுபடி எரிந்தால் வெகுளி. பக்கத்து வீட்டு வண்டியிலும் எரிந்தால் உவகை. பில்லுக்கு அழுகை. கணக்கு சரியாக வருகிறது. வராதிருந்தால் 40ஐப் பாட வேறுபாடு என்று தள்ளியிருக்கலாம். அதற்கும் முன்னோடிகள் உண்டு.

தரவு வண்டி கடைசியில் மூலக்கரைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனது. மெக்கானிக் பம்பைத் தொடவில்லை. டீசல் பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டிலில் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அடியில் தனியே நின்றது; மேலே டீசல். பாட்டிலை வெயிலில் தூக்கிக் காட்டிவிட்டு, டேங்கில் கிடந்ததையும் வடித்து, புதுப் பில்டர் போட்டு, பழுதுக் குறியீட்டை அழித்தார். அதன்பின் விளக்கு எரியவில்லை. இம்முடிவு மூன்று மரபுக்கும் பொருந்தாததால், நீங்கள் எந்தப் பள்ளி என்று அவரிடமே கேட்டேன்.

"எட்டாவதோட நின்னுட்டேன்ணே" என்றார்.

மீண்டும் எட்டு. அடுத்த கருத்தரங்கில் வாசிக்கிறேன். பயணப்படி உண்டா என்று விசாரித்திருக்கிறேன்.