கொடுங்கையூர் மலைவாசஸ்தலம்: மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை.
பொருள்: கொடுங்கையூர் மேட்டைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைவெளியாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: எழில் நகர் மொட்டைமாடிகளிலிருந்து.

கொடுங்கையூர் மேடு வடசென்னையின் ஒரே மலை. பரப்பு சுமார் 340 ஏக்கர். அதாவது கிண்டி தேசியப் பூங்காவில் ஏறக்குறையப் பாதி. கிண்டிக் காடு தானாக வளர்ந்தது. இந்த மேட்டையோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மாநகராட்சியே லாரி லாரியாகக் குப்பை கொட்டி வளர்த்திருக்கிறது. தீபாவளி, பொங்கலுக்குக்கூட விடுமுறை விடாமல் ஓர் அரசு அமைப்பு பேணிவரும் திறந்தவெளி நகரில் வேறில்லை. அப்படியும் பூங்காக்களின் பட்டியலில் இதன் பெயர் காணப்படாதது எழுத்தர் பிழையாகத்தான் இருக்க வேண்டும்.

மேட்டுக்கு அடியில் இருப்பது சதுப்பு நிலம். இந்தப் பகுதியின் மழைநீர் தாழ்வான இடங்களில் தேங்கி, ஊறி, கொடுங்கையூர் கால்வாய் வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து எண்ணூர் கழிமுகத்துக்குப் போகும். தண்ணீர் நிற்கும் நிலம் சும்மா கிடக்கும் நிலம் என்பது அக்கால நிர்வாக ஞானம். தெற்கே பள்ளிக்கரணையிலும் இதே ஞானம் வேலை செய்து, சதுப்பின் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கை எழுப்பியது. ஆனால் பள்ளிக்கரணையின் ஒரு பகுதியாவது வனத்துறையின் கைக்குப் போய், 2022-இல் உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. வடக்கே கழிமுகத்துக்கு அந்த யோகம் இல்லை. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர் கழிமுகம் அடுத்து வந்த வரைபடத்தில் காணாமல் போனதைப் பற்றி 2017-இல் ஊரே பேசியது. கழிமுகத்து ஆறு அதே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மேட்டின் புவியியல் மாணவர்களுக்குப் பயன்படும். அடியில் மக்கி மண்ணான இலை, தழை, சாம்பல். அதற்கு மேல் ஷாம்பு பாக்கெட்டும் பால் கவரும் பெருகிய காலம். அதற்கும் மேலே சாப்பாட்டுப் பார்சல் டப்பாக்களின் காலம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டதால், அந்தத் தேதிக்கு மேற்பட்ட அடுக்கில் அவை இருக்க முடியாது. அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் கண்டுபிடிக்க வேண்டும்.

உயிரினங்களுக்கும் பஞ்சமில்லை. லாரி பின்புறத்தைத் தூக்கியதும் கரும்பருந்துகள் வட்டமிடும். உண்ணிக்கொக்குகள் மாடுகளை விட்டுவிட்டு புல்டோசரின் பின்னால் நடக்கும். காகமும் நாயும் கணக்கில் அடங்கா. மழைக்காலத்தில் மேட்டின் பக்கவாட்டில் கறுப்பு ஓடைகள் இறங்கும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்க் குளிப்பார்கள். இங்கே எண்ணெய்ப் பசை தண்ணீரிலேயே இருக்கிறது. கோடையில் காட்டுத்தீயும் உண்டு. உள்ளே அழுகும் குப்பை மீத்தேனை விடுவதால் தீயணைப்பு வண்டி மேலே அணைக்க அணைக்க உள்ளே கனன்றுகொண்டிருக்கும். புகை வீடு தேடி வருவதால் காட்சியைக் காண யாரும் நேரில் போக வேண்டியதில்லை.

பக்கத்திலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து மணலிப் பக்கத்து ஆலைகளுக்குக் குழாயில் அனுப்பும் வசதி அங்கே 2019-இல் வந்தது. நல்ல திட்டம்தான், பகடியில்லை. நகரின் கழிவு இங்கே வந்து சேர்கிறது, சுத்தமானது குழாய் வழியே வெளியேறுகிறது என்பது மட்டும் கொடுங்கையூருக்குப் பழகிப்போன ஏற்பாடு.

பார்வையாளர் விதிகளில் ஒரு சிறு மாறுதல் தேவைப்படும். மற்ற சரணாலயங்களில் கொண்டுபோன பையைத் திரும்ப எடுத்து வரவேண்டும். இங்கே பை மட்டும் வரும், ஆள் வருவதில்லை. அண்ணா நகரில் காலையில் வாசலில் வைத்த கவர், மதியத்துக்குள் மலையேறிவிடும். மக்கும் குப்பையையும் மக்காததையும் வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. சாம்பார் சாதமும் உடைந்த டியூப்லைட்டும் ஒரே கவரில் வருவதால் விதி எந்த அளவில் நிற்கிறது என்பது தெளிவு. அதைப் பிரிக்கும் வேலை, கையில் கொக்கியும் தோளில் சாக்கும் கொண்டு மேட்டில் ஏறுகிறவர்களுக்கு. சம்பளமோ கையுறையோ இல்லாமல் இந்தப் பூங்காவை உண்மையில் பராமரிப்பவர்கள் அவர்கள்தான். அறிவிக்கை வெளியிடும்போது காவலர் பணியிடங்களை அவர்களைக் கொண்டு நிரப்பினால் பயிற்சிச் செலவு மிச்சம்.

இப்போது மலைக்கே ஆபத்து வந்திருக்கிறது. சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டி, சுழலும் சல்லடைகளில் சலித்து, மண்ணையும் எரியக்கூடியதையும் தனித்தனியே பிரித்து, சுமார் 250 ஏக்கரை மீட்கும் பயோமைனிங் பணி நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் குடியிருப்பாளர்கள் கேட்டது இதைத்தான். ஆனால் மீட்ட நிலம் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல். பெருங்குடியில் இதே முறையில் மீட்ட நிலத்துக்குச் சுற்றுச்சூழல் பூங்கா என்ற பேச்சு எழுந்தது. கொடுங்கையூருக்கு எழுந்த பேச்சு, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. மணலியின் புகைபோக்கிகள், எண்ணூரின் அனல்மின் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய் ஆகியவற்றுக்கு நடுவே இன்னொரு புகைபோக்கி தேவையா என்று கேட்டு 2025-இல் குடியிருப்பாளர்கள் மனிதச் சங்கிலி நடத்தினர். ஈரமான கலப்புக் குப்பை சரியாக எரியாது. குறைந்த சூட்டில் எரியும் பிளாஸ்டிக் டையாக்சின் என்ற நச்சை விடும். இது பாடநூல் சங்கதி.

எனவே இரண்டில் ஒன்று கோரப்படுகிறது. மேட்டை இருப்பது இருந்தபடியே சரணாலயமாக அறிவித்து, வாயிலில் ஒரு டிக்கெட் கவுன்டர் திறக்கலாம். அல்லது குப்பை நீங்கிய நிலத்தைத் தண்ணீருக்கே விட்டு, கால்வாயோடு இணைத்து, கோரையும் கொக்கும் வர அனுமதிக்கலாம். ஆலை வந்தே தீரும், அதனால் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு கெடுதலும் இல்லை என்பது முடிவானால், அண்ணா நகர் கோபுரப் பூங்காவும் பரிசீலனைக்கு உரியது. அங்கே உயரமான கோபுரம் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறது. குப்பையும் அங்கேயே கிடைப்பதால் லாரிக்கு டீசல் மிச்சமாகும்.

இப்படிக்கு,
கொடுங்கையூர்வாசிகள்